இலவச நூலகமும் பிணையாளியின் கையொப்பமும்

ஊரில் இலவசப் பொது நூலகம் முதன்முதலாகத் திறக்கப்பட்டபோது அதை யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அப்பாலுள்ள சிறு நகரமொன்றில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபையின் நூலகம் திறக்கப்பட்டபோது எனக்கு 13 வயது. எங்கள் தோட்டத்திலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கினால் முக்கால் மணி நேர நடை.

திறப்பு விழாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாலைகளும் நீண்ட பேச்சுகளும்தான். மறுநாள் முதலில் நிரம்பியது பத்திரிகை மேசை. வெள்ளிக்கிழமை வெளியாகும் அரச வர்த்தமானி என்ற அரசிதழுக்காகச் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்த இளைஞர்கள் காத்திருந்து, வேலைக்கு விண்ணப்பம் கோரும் பக்கத்தைக் கொப்பியில் பார்த்தெழுதுவார்கள். ஒருவர் எழுதி முடிக்கும்வரை அடுத்தவர் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெரியவர் வீரகேசரி வாரவெளியீட்டை விரித்து, எழுத்தறியாத மூன்று நான்கு பேருக்குத் தணிந்த குரலில் வாசித்துக் காட்டுவார். ‘அமைதி பேணவும்’ என்ற பலகை அவர் தலைக்கு நேர் மேலேயே தொங்கியது. நூலகர் ஒருமுறை தொண்டையைச் செருமிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். அவர் செய்த மிகச் சிறந்த நூலகப் பணி அதுதான் என்பது என் எண்ணம்.

அங்கேயே இருந்து வாசிப்பதற்குத் தடையில்லை; இரவல் பெறுவதில்தான் சிக்கல். அங்கத்துவப் படிவத்தில், சபைக்கு ஆதனவரி (சொத்து வரி) செலுத்தும் ஒருவர் பிணையாளியாகக் கையொப்பமிட வேண்டும் என்றார்கள். நாங்கள் குடியிருந்த லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்ததால், எங்களில் எவருடைய பெயரிலும் வீடு இல்லை, வரி கட்டிய சிட்டையும் இல்லை. சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்கும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. அது 2018இல்தான் திருத்தப்பட்டது. ஆகவே வாக்களிக்கும்போது சபைக்கு உட்பட்டவர்களாக இருந்த நாங்கள், புத்தகம் கேட்கும்போது வெளியாட்களாகிவிட்டோம். அப்பா பஸாரில் நாங்கள் கணக்குக்குச் சாமான் வாங்கும் கடை முதலாளியிடம் படிவத்தைக் கொண்டுபோனார். “அரிசிக் கடனே இன்னும் தீரல்ல, அதுக்குள்ள புத்தகக் கடனா?” என்று சிரித்துக்கொண்டே அவர் கையொப்பமிட்டார்.

எங்கள் லயத்தில் வேறெவருக்கும் பிணையாளி கிடைக்காததால், அந்த ஒரே அட்டையை எல்லாக் காம்பராக்களும், அதாவது லயத்தின் எல்லா வீடுகளும், பயன்படுத்தின. இரண்டு வாரத் தவணைக்குள் ஒரு நூல் நான்கைந்து வீடுகளில் தங்கி, அடுப்படியில் விளக்கு வெளிச்சத்தில் வாசிக்கப்பட்டு, விறகுப் புகை வாசத்தோடு என் கைக்குத் திரும்பி வரும். நூலகர் அதைப் புரட்டி, ஒரு கணம் முகர்ந்து பார்த்து, திகதி முத்திரையைக் குத்துவார். அது எத்தனை கை மாறியது என்று அவர் கேட்டதேயில்லை. அலுமாரியில் வைப்பதற்கு முன் ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் விரித்து வைப்பார்.