வாசகர் கேள்வி – பதில்: தார்ப் பாலையில் நம் வன்னி மரம்

ராஜஸ்தானில் ஜெய்சல்மேரை ஒட்டியிருக்கும் பாலைவன தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம் வடசென்னைப் பக்கத்திலிருந்துதான். நெடுங்காலம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். செடிகொடியைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். இந்த முறை நிறையப் பேர் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

சார், பாலைவனத்துக்கு எதற்குத் தேசியப் பூங்கா? மணலையா பாதுகாக்கிறார்கள்?
– பிளஸ் டூ மாணவர், வியாசர்பாடி

தம்பி, ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அந்தச் ‘சம்’ கிராமத்து மணல்மேடுகளை வைத்துப் பாலைவனத்தை எடை போட்டுவிடாதே. இந்தப் பூங்காவின் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. ஏழு சென்னையை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். அவ்வளவு பெரிய இடத்தில் மணல்மேடு ஐந்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் சரளைத் தரை, பாறை, உப்புப் பூத்த பள்ளம், அப்புறம் புல்.

அந்தப் புல்தான் விஷயம். ‘சேவண்’ என்பது அங்கே அதற்குப் பெயர். கோடையில் வைக்கோல் கட்டைப் பிரித்துப் போட்டதுபோல் காய்ந்து கிடக்கும். ஆனால் வேர் சாகாது. ஒரு மழை விழுந்தால் அடியிலிருந்து பச்சை கிளம்பும். ஒரே தூர் பல வருடம் நின்று மணலைப் பிடித்துவைக்கும். ஆடு மாடு, சிங்காரா மான், வெட்டுக்கிளி என எல்லாமே அதை நம்பி இருக்கின்றன. வெட்டுக்கிளியை நம்பிக் கானமயில் என்ற அருகிவரும் பெரிய பறவை இருக்கிறது. எழுபதுக்கும் மேற்பட்ட கிராமங்களும் பூங்காவுக்குள்தான். ஆக, மணலை அல்ல தம்பி, புல்லைத்தான் பாதுகாக்கிறார்கள். சரியாகச் சொன்னால், பாதுகாக்க வேண்டும்.

கோயிலில் நாங்கள் சுற்றி வரும் வன்னி மரம் அங்கேயும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதே மரமா, அதன் ஜாதியா? வேறு என்னென்ன செடிகள் நமக்குத் தெரிந்தவை?
– இல்லத்தரசி, பழைய வண்ணாரப்பேட்டை

அதே மரம்தான் அம்மா. விருத்தாசலம் கோயிலின் தல விருட்சமாக நிற்கும் வன்னியும், தார்ப் பாலையில் ‘கேஜ்ரி’ என்று கும்பிடுகிற மரமும் ஒன்றே. நமக்கு அது பிராகாரத்து மரம், விஜயதசமிக்கு இலை பறிக்கிற மரம். அவர்களுக்கோ அது சோறு போடுகிற மரம். ராஜஸ்தானின் மாநில மரமும் அதுதான். வேர் இருபது மீட்டருக்கும் கீழே இறங்கி ஈரம் தேடும். அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். அதனால்தான் அங்குள்ள விவசாயிகள் வயலுக்கு நடுவே வன்னியை வெட்டாமல் விட்டுவைக்கிறார்கள். அதன் நிழலடியில் கம்பு நன்றாகவே வரும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. பிஞ்சுக் காயைக் காயவைத்து ‘சாங்ரி’ என்று சமைக்கிறார்கள். இதைப் பார்க்க நீங்கள் ராஜஸ்தான் வரை போக வேண்டியதில்லை. சௌகார்பேட்டை மின்ட் தெருவில் ராஜஸ்தான் மளிகை விற்கிற கடையில் ‘கேர் சாங்ரி’ என்று கேளுங்கள். கறுத்துச் சுருங்கிய குச்சி மாதிரி எடுத்துக் கொடுப்பார்கள். கூடவே மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையாக இருப்பது ‘கேர்’. அதுவும் அந்தப் பாலையில், இலையே இல்லாத ஒரு முட்புதரில் காய்ப்பதுதான்.

இந்த மரத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் அரண்மனை வேலைக்காக வன்னி மரங்களை வெட்ட ஆள் வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய் சமூகப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரையும் சேர்த்து 363 பேர் வெட்டுப்பட்டார்கள். அந்த ஊர் இந்தப் பூங்காவுக்குள் வராது, ஆனாலும் வன்னியைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

நமக்குத் தெரிந்த மற்றவை: எருக்கு. விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டுகிறோமே, அதன் உடன்பிறப்பு வழியெல்லாம் நிற்கிறது. பொங்கலுக்குக் கட்டுக்கட்டாக வரும் பூளைப்பூவின் இனத்தில் ஒன்று, வெள்ளைப் பஞ்சாகப் பூத்துக் கிடக்கும். மணலில் படர்ந்து, பந்து பந்தாகக் காய்த்துக் கிடப்பது பேய்க்குமட்டி. வாயில் வைக்க முடியாத கசப்பு. உகா மரமும் உண்டு. நமக்குப் புதிதாக இருப்பது ‘போக்’ என்கிற புதர். இலை என்று சொல்ல ஒன்றுமில்லை, வெறும் பச்சைக் குச்சிகள். அதன் பூமொட்டைத் தயிரில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். வேரைத் தோண்டிக் கரி சுட்டுச் சுட்டு அது குறைந்துகொண்டே வருகிறது. மாசி, பங்குனியில் போகிறவர்கள் ‘ரோஹிடா’ மரம் ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்பதைப் பார்க்கலாம்.

கொருக்குப்பேட்டை ரயில் பாதை ஓரம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் அங்கேயும் மண்டிவிட்டது. பார்த்ததும் வருத்தமாக இருந்தது.

எங்கள் அப்பா, தாத்தா எல்லாம் கடலுக்குப் போனவர்கள். பாலைவனத்தில் கடல் சிப்பி இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை என் பேரன் நம்ப மாட்டேன் என்கிறான்.
– மீனவர், காசிமேடு

பேரனிடம் தைரியமாகச் சொல்லுங்கள் ஐயா. ஜெய்சல்மேர் கோட்டை பொன்னிறத்தில் மின்னுகிறதே, அந்தச் சுண்ணாம்புக்கல் ஜுராசிக் காலத்துக் கடலடியில் படிந்தது. ஹாபூர் என்ற கிராமத்தில் கிடைக்கும் பழுப்பு மஞ்சள் கல்லை அறுத்தால் உள்ளே சிப்பி சிப்பியாகத் தெரியும். அந்தக் கல்லைப் பாலில் போட்டுவைத்தால் தயிர் உறையும் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

பார்மேர் சாலையில், ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 17 கிலோமீட்டரில் ஆகல் கல்மரப் பூங்கா. 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே காடு இருந்தது. இன்று அந்த அடிமரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் நம் கல்மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை சுமார் 2 கோடி ஆண்டு வயதுடையவை. ஆகல் அவற்றைவிடப் பல மடங்கு மூத்தது. கடலும் காடும் இருந்துவிட்டுப் போன இடம்தான் இன்றைய தார்.

குல்தாரா பேய் ஊர் என்கிறார்களே, உண்மையா?
– ஆட்டோ ஓட்டுநர், ராயபுரம்

பேய்க் கதையை விடுங்கள் அண்ணே. அந்த ஊர்க்காரர்கள் செய்த வேலை அதைவிட ஆச்சரியம். ஜெய்சல்மேர் பக்கத்தில் பாலிவால் பிராமணர்கள் கட்டிய ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலியானது. ஜெய்சல்மேர் திவான் சாலிம் சிங்கின் கொடுமையால் ஒரே இரவில் போனார்கள் என்பது கர்ணபரம்பரைக் கதை. தண்ணீர் வற்றியது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அவர்கள் விட்டுப்போனது ‘கடீன்’. பாறைச் சரிவின் அடிவாரத்தில் நீளமாக மண்கரை போட்டு, சரிவில் ஓடிவரும் மழைநீரை மறிப்பார்கள். தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். மேலே வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். வேறு பாசனமே கிடையாது. வருடத்துக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத ஊரில் கோதுமை விளைந்திருக்கிறது. இன்றும் சில கடீன்களில் விவசாயம் நடக்கிறது. குல்தாரா போனால் இடிந்த வீடுகளோடு திரும்பிவிடாமல் அதையும் கேட்டுப் பாருங்கள்.

எண்ணூரில் நாங்கள் நிலக்கரிச் சாம்பலோடு வாழ்கிறோம். ராஜஸ்தானில் சூரிய மின்சாரம் வந்தால் நிலக்கரி குறையும் அல்லவா? கானமயிலைச் சாக்குச் சொல்லி அதைத் தடுப்பது நியாயமா?
– சத்துணவுப் பணியாளர், எண்ணூர்

வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான் அம்மா. சாம்பலைச் சுவாசிக்கிறவர் கேட்கும்போது பறவைக்கும் மின்சாரத்துக்கும் பட்டிமன்றம் நடத்த நான் தயாரில்லை.

முதலில் அந்தப் பறவை. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை எடை. பறக்கும் பறவைகளில் இது மிகக் கனமானவற்றில் ஒன்று. பெண் பறவை தரையில் பொதுவாக ஒரே முட்டைதான் இடும். தமிழ்நாடு உட்படப் பதினொரு மாநிலங்களில் இருந்தது, இன்று நாடு முழுவதும் இருநூறுகூட இல்லை. மிச்சமிருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த ஜெய்சல்மேர்ப் புல்வெளியில்தான். பறவையியலாளர் சலீம் அலி இதைத்தான் தேசியப் பறவையாக்கச் சொன்னார். 1963இல் மயில் தேர்வானது.

இதன் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. நேர் எதிரே இருக்கும் கம்பி அதற்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்ப முடியாது. அதனால் சூரிய மின்சாரத்தையும் கொண்டுபோகிற உயர் அழுத்தக் கம்பியில் மோதிச் சாகிறது. உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. அது எல்லா இடத்திலும் நடக்கக்கூடியதல்ல என்று அரசு முறையிட்டதால், 2024 மார்ச்சில் அந்த உத்தரவை மாற்றி நிபுணர் குழு அமைத்தது. இன்னொரு பக்கம் சம், ராம்தேவ்ரா மையங்களில் முட்டைகளைப் பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சு பிறந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சூரியப் பலகை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். என் வருத்தம் வேறு. அந்தப் புல்வெளி அரசுப் பதிவேட்டில் பல இடங்களில் ‘தரிசு’. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே எதை வேண்டுமானாலும் வைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துச் சதுப்பையும் உப்பளத்தையும் இப்படித்தானே ஒன்றுக்கும் ஆகாத நிலமாகப் பார்த்தார்கள்? அங்கே கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஜெய்சல்மேரில் ‘ஓரண்’ என்று கோயிலுக்கு விட்ட மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன. அவற்றைத் தரிசுக் கணக்கிலிருந்து மீட்கக் கிராமத்தார் போராடுகிறார்கள். கானமயில் பறக்கும் தடத்தில் மட்டுமாவது கம்பி மண்ணுக்குள் போகட்டும். பலகைகள் முதலில் கூரைகளுக்கும், உண்மையிலேயே கெட்டுப்போன நிலங்களுக்கும் போகட்டும். எண்ணூரில் மூச்சு விடுவதற்காக ஜெய்சல்மேரில் ஒரு இனம் அழிய வேண்டியதில்லை அம்மா.

குடும்பத்தோடு போக எது நல்ல சமயம்? எப்படிப் போவது?
– வாசகர், கொடுங்கையூர்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நம் ஊர்க் குளிரை நினைத்துக்கொண்டு போனால் நடுங்கிவிடுவீர்கள். ஸ்வெட்டர், காதுக்கு மப்ளர் கட்டாயம். சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு நேரடி ரயில் இருக்கிறது. அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு ரயிலிலோ சாலையிலோ ஐந்தாறு மணி நேரம். பூங்காவுக்குள் போக ஜெய்சல்மேர் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். எல்லைப் பகுதி என்பதால் அடையாள அட்டையின் அசல் கையில் இருக்கட்டும். கானமயிலைத் தேடுகிறவர்கள் சுதாசரி பக்கம் விடியற்காலையில் போக வேண்டும். கண்ணில் படாவிட்டாலும் சிங்காரா மானும், வால் நுனி வெளுத்த பாலைவன நரியும், கழுகுகளும் பெரும்பாலும் ஏமாற்றாது.

வண்டிக்காரரிடம் கிளம்பும் முன்பே ‘புல்வெளிக்குப் போக வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வண்டி நேராகச் சம் மணல்மேட்டில்தான் போய் நிற்கும்.