மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் சூதாட்டப் பழக்கம் போய்விடுமா?

அண்ணனுக்கு டாக்டர் மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், இனி ரம்மியை விட்டுவிடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அவரும் ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு ஃபோனோடு உட்காருகிறவர்தான் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் அப்படித்தான் இருந்தார். ஏலச்சீட்டு எடுத்த பணம் முழுவதும் அந்தக் குழாய்ச் சத்தத்தில்தான் போனது.

நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையைப் பற்றி கிடைத்ததையெல்லாம் படித்தவள். ஸ்பெயினில் 60 சூதாடிகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு இந்த மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2005 இல் முடிவு வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 74 சதவீதம் பேர் தேறினார்கள். வெற்று மாத்திரையில்? 72 சதவீதம்! பராக்ஸெட்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரையின் கதையும் இதேதான். 2002 இல் சின்ன ஆய்வில் நல்ல பலன் என்றார்கள். அடுத்த வருடம் 76 பேரை வைத்துப் பார்த்தால் மருந்தில் 59 சதவீதம் பேர், வெற்று மாத்திரையில் 49 சதவீதம் பேர் தேறினார்கள். மருந்தால்தான் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

வெற்று மாத்திரைக்கு எப்படி இவ்வளவு பேர் தேறுவார்கள்? என் கணக்கு இது: ஆய்வுக்கு வருகிறவன் பாதி மனதை ஏற்கெனவே மாற்றிக்கொண்டு வருகிறான். அங்கே ஒருவர் எதிரில் உட்கார்ந்து “இந்த வாரம் எவ்வளவு விட்டீர்கள்” என்று விடாமல் கேட்கிறார். வீட்டில் அப்படி யார் கேட்கிறோம்? கத்துகிறோம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் மாத்திரையால் அவருக்குத் தூக்கம் வந்தது, உட்கார்ந்து அழுவது நின்றது. அது பெரிய விஷயம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆட்டம் நிற்கவில்லை. சம்பளம் என் கணக்குக்கு வந்து, ஏடிஎம் கார்டு என் கைக்கு வந்து, அவர் கைக்கு பட்டன் ஃபோன் போன பிறகுதான் கவுன்சலிங்கில் சொன்னதே காதில் ஏறியது. “புருஷன் சம்பளத்தைப் பிடுங்கிட்டா” என்று மாமியார் வீட்டில் இன்றைக்கும் பேச்சு. பேசட்டும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். மெடிக்கல் ஷாப்காரர்களே, பேஸ்ட் வாங்க நிற்கிற பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் “மெண்டல் மாத்திரை யாருக்கும்மா?” என்று ஏன் கத்துகிறீர்கள்? பத்து நாளைக்கு டாக்டர் சீட்டு இருந்தால் முழு அட்டைதான் வாங்கவேண்டும் என்று சண்டை வேறு.

சரி. டாக்டரிடம் நால்ட்ரெக்சோன் பற்றிக் கேட்டுப் பாருங்கள். குடியை விடக் கொடுக்கும் மருந்து. சூதாட்டத்தில் வெற்று மாத்திரையைவிட இதற்குக் கொஞ்சம் மேலான பலன் சில ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் சூதாட்டத்துக்கென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுவரை எந்த மருந்தையும் அங்கீகரிக்கவில்லை. “அப்போ மாத்திரையே வேண்டாம்னு சொல்றீங்களா” என்று யாரும் கமெண்டில் வராதீர்கள். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் வரும். நிறுத்துவதென்றாலும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான்.