கதவைக் கடிக்கும் குதிரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுத்த குதிரை ஒன்றை மகளுக்காக வாங்கி, தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு அருகே ஷாங்வேனி பக்கம் ஒரு லாயத்தில் மாத வாடகைக்கு வைத்திருக்கிறோம். கதவின் மேல்விளிம்பை முன்பல்லால் பிடித்து, கழுத்தை வளைத்து, 'ஹக்' என்று காற்றை இழுக்கிறது. எந்நேரமும் இதே வேலை. வயிற்றில் காற்று ஏறிச் செத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். தொண்டையில் பட்டை கட்டி இறுக்கு, கதவில் மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூசு என்கிறார்கள். மற்றக் குதிரைகளும் பழகிவிடும், வேறு இடம் பாருங்கள் என்று பக்கத்து லாயக்காரர் சொல்கிறார். என்ன செய்யட்டும்? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: தம்பி, அந்தப் பட்டையை வாங்காதீர்கள். கட்டியிருக்கும் வரை கடிப்பது குறையும், உண்மைதான். அவிழ்த்ததும் முன்னைவிட அதிகமாகக் கடிக்கும். பட்டை அழுத்திக் காதுக்குப் பின்னால் தோல் உரிந்து, சீழ் வைத்த குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பழக்கம் திமிரால் வருவதில்லை. அதைத் தண்டிக்க நமக்கு என்ன உரிமை?

குதிரையின் வயிற்றில் இரவும் பகலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், உள்ளே தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதைத் தணிப்பது எச்சில். மென்றால்தான் குதிரைக்கு எச்சில் நன்றாக ஊறும். வெளியே விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம்கூட மேயும் பிராணி அது. பந்தய லாயத்திலோ தானியம்தான் பெரிது. ஒரு கிலோ ஓட்ஸை 10 நிமிடத்தில் தின்றுவிடும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மென்று முடிக்க 40 நிமிடம் ஆகும். வாய்க்கு வேலை இல்லாமல், வயிறு எரிய, நாலு சுவருக்குள் நிற்கிற குதிரை கதவைக் கடிக்கிறது. கடிக்கிற எல்லாக் குதிரைக்கும் வயிற்றுப் புண் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் குதிரைக்கு டாக்டரை வைத்து ஒருமுறை குழாய்க் கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள். புண் இருந்தால் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்து கொடுப்பார்.

இராப்பகலாக மேய்ச்சலில் விட்டுவிடு என்பது இங்கிலாந்துக்காரருக்குச் சுலபம். நமக்கு இங்கே ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய் இருக்கிறது. அதைப் பரப்பும் பொடிப் பூச்சி பொழுது சாயும்போது கிளம்பி விடியும் வரை கடிக்கும். கோடை முடிவிலும் அதற்கடுத்த மாதங்களிலும் தொல்லை அதிகம். ஆகவே இருட்டுமுன் உள்ளே, நன்றாக விடிந்தபின் வெளியே. தடுப்பூசி போட்டிருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்படியானால் மாலை 5 மணிக்கு அடைத்துக் காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள் என்று வையுங்கள். 14 மணி நேரம். ஐந்து மணிக்குப் போட்ட நாலைந்து கிலோ புல் ஒன்பதுக்குள் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு விடிய விடிய அது என்ன செய்யும்? ஓர் இரவு பத்து மணிக்கு மேல் நீங்களே போய் டார்ச் அடித்துப் பாருங்கள். கதவின் விளிம்பு ஈரமாக இருக்கும், தரையில் ஒரு துரும்பு இருக்காது.

500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்குச் சுமார் 10 கிலோ காய்ந்த புல் வேண்டும். அதில் பாதிக்கு மேல் இரவுக்கு ஒதுக்குங்கள். எரக்ராஸ்டிஸ், டெஃப் என்று விற்கிற புல் வகை எதுவானாலும், நல்ல வாசனையோடு, பூசணம் பிடிக்காமல் இருந்தால் போதும். சின்னக் கண் உள்ள வலைப்பையில் போட்டு இரண்டு மூலையில் கட்டுங்கள். இழுத்து இழுத்துத் தின்ன நேரம் பிடிக்கும். காலின் லாடம் வலையில் சிக்காத உயரத்தில் அது இருக்கட்டும். சவாரிக்கு முன் ஒரு பிடி குதிரைமசால் கொடுங்கள், அதிலுள்ள கால்சியம் அமிலத்தை அடக்கும். தானியத்தை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். நேட்டால் கரும்பு நாடு, எந்தத் தீனியிலும் மொலாசஸை (சர்க்கரை ஆலைக் கரும்புப் பாகு) கலந்துவிடுகிறார்கள், அதை நிறுத்துங்கள். இனிப்புத் தீனி தின்று முடித்ததும்தான் கடிப்பது உச்சத்துக்குப் போகும், கவனித்துப் பாருங்கள். குதிரை மெலிந்தால் சமையல் எண்ணெய் கொஞ்சம் சேர்க்கலாம்.

இனி உங்கள் பயங்கள். இழுக்கிற காற்று பெரும்பாலும் உணவுக்குழாயின் மேல்பகுதியோடு நின்றுவிடுகிறது. எக்ஸ்ரே வைத்துப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள், வயிற்றுக்குள் போவது சொற்பம்தான். ஆனால் இந்தப் பழக்கம் உள்ள குதிரைகளுக்கு வயிற்றுவலி கூடுதலாக வருவது உண்மை. ஈரலுக்குப் பக்கத்திலுள்ள ஓர் இடுக்கில் சிறுகுடல் போய்ச் சிக்கிக்கொள்ளும் கொடிய வகையும் அதில் உண்டு. காலால் தரையைப் பறித்தாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, படுத்துப் புரண்டாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அந்த நிமிடமே டாக்டருக்குப் போன் போடுங்கள்.

பக்கத்துக் குதிரை பார்த்துப் பழகும் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. ஒரே லாயத்தில் பல குதிரை கடித்தால், அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே தீனி, ஒரே அடைப்பு என்று அர்த்தம். இதைப் பக்கத்து லாயக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். குதிரையைத் தனியே ஒதுக்கினால் இன்னும் மோசமாகும். அடுத்த குதிரையோடு மூக்கை உரச ஒரு திறப்பு இருந்தால் நல்லது.

மிளகாய் வேண்டாம், கண்ணில் பட்டால் பாவம். பழைய என்ஜின் ஆயில் பூசுகிறவர்களும் உண்டு, அது விஷம். மார்பு உயரத்தில் ஒரு பலகைக்கு ரப்பர் போர்த்தி அடித்துக் கொடுங்கள், பல்லாவது தேயாமல் இருக்கும். வருடாவருடம் பல்லைக் காட்டுங்கள். பல வருடப் பழக்கம் முழுசாகப் போகாது தம்பி. பாதியாகக் குறைந்து, விலா எலும்பு தெரியாமல் இருந்தால் உங்கள் குதிரை சுகமாக இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பெண்குதிரை கட்டையைக் கடிக்கும். அதன் குட்டியைப் பால் மறக்கடிக்கும் வயது. குட்டிக்கும் வருமா? (வெருலம் வாசகி)

பதில்: அம்மா, பரம்பரைச் சாய்வு கொஞ்சம் உண்டு. பந்தய இனத்தில் இது அதிகம். ஆனால் உங்கள் கையில் இருப்பது தீனி. இங்கிலாந்தில் 225 குட்டிகளை நாலு வருடம் தொடர்ந்து பார்த்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். பால் மறந்ததும் தானியத் தீனி தின்ற குட்டிகளில் கடிக்கும் பழக்கம் நாலு மடங்காக இருந்தது. எனவே தாயிடமிருந்து பிரித்து ஒற்றையாக லாயத்தில் அடைக்காதீர்கள். சாதுவான ஒரு கிழக்குதிரையோடு பகலெல்லாம் புல்லில் விடுங்கள்.

கேள்வி: கழுத்துத் தசையை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் செய்தால் தீருமா? (டொங்காட் வாசகர்)

பதில்: அப்படி ஒரு ஆபரேஷன் இருக்கிறது. தசையோடு நரம்பையும் வெட்டுவார்கள். சிலதில் நிற்கும், சிலதில் திரும்ப வரும், பழக்கம் பழசானால் பலன் குறைவு. தீனியையும் லாயத்தையும் மாற்றி ஒரு வருடம் பார்க்காமல் கத்தியை நினைக்காதீர்கள். செலவு வேறு பெரியது, அந்தப் பணத்துக்கு எத்தனை கட்டுப் புல் வாங்கலாம் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.