அந்த 130 ரூபாய் போதும்

அண்ணா, வணக்கம்.

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பங்குனியில் என் மகளுக்கு 11 வயது முடிகிறது. பிறந்தநாளுக்கு உன் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரோடு வெளியே கூட்டிப் போகிறேன் என்று பொங்கலின்போதே சொல்லிவிட்டேன், அதற்காக 1,500 ரூபாய் சேர்த்தும் வைத்திருக்கிறேன். இப்போது அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் வாக்கத்தான் வைத்துவிட்டார்கள். புற்றுநோய் வந்த குழந்தைகளின் சிகிச்சைக்காக. அவளுக்கு நடக்க ஆசை, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து 500 ரூபாய் வசூல் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் 11 பேரிடம் கேட்டு 130 ரூபாய்தான் சேர்ந்தது. இட்லிக் கடை ஆயா 10, மீன்கார அக்கா 20, இப்படித்தான். கூடப் படிக்கிற பிள்ளைகள் முழுசாகக் கட்டிவிட்டார்களாம். இவள் ராத்திரியில் அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். மீதி 370 ரூபாயைப் பிறந்தநாள் பணத்திலிருந்து போட்டுவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

போடாதீர்கள். தாள் அப்படியே 130 ரூபாயோடு போகட்டும்.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. நான் ராயபுரத்தில் ஆறாவது படித்தபோது கொடி நாளுக்கு ஆளுக்கு 20 காகிதக் கொடி கொடுத்து, ஒன்று நாலணா என்று விற்று வரச் சொன்னார்கள். கல்மண்டபம் பக்கம் இரண்டு சாயங்காலம் அலைந்து ஏழு கொடி விற்றேன். சைக்கிள் கடைக்காரர் ஒன்று வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டு, நான் தெருமுனை திரும்பும்வரை அதைக் கழற்றாமல் இருந்தார், இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. என் முகம் வாடியதைப் பார்த்த அப்பா மீதி 13 கொடியையும் தானே வாங்கிக்கொண்டார், 3 ரூபாய் 25 காசு. மறுநாள் வகுப்பில் ‘முழுசா வித்தவங்க எல்லாம் எழுந்திரு’ என்றார்கள், நானும் எழுந்தேன், எல்லோரும் கைதட்டினார்கள். கொடியைத் திருப்பிக் கொடுத்த நாலைந்து பேரைச் சுவரோரமாக நிற்க வைத்தார்கள், அதில் ஒருவன் என் பக்கத்து வீட்டுப் பையன், அவன் ஒன்பது விற்றிருந்தான். என்னைவிட இரண்டு அதிகம். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த 13 கொடியும் எங்கள் வீட்டு டிரங்க் பெட்டியில் குண்டூசி துருப்பிடித்துப்போய் ரொம்ப வருஷம் கிடந்தன. அப்பா என் மேல் இருந்த பிரியத்தில்தான் அப்படிச் செய்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் நான் அலைந்து விற்ற ஏழு கொடி அந்தக் கைதட்டலில் காணாமல் போய்விட்டது.

உங்கள் மகளின் தாளை நீங்கள் இன்னொரு தரம் நிதானமாகப் பாருங்கள். மீன்கார அக்கா 20 ரூபாய் கொடுத்திருக்கிறார். ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, காசிமேட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள் கையில் காசு புரளாத நாட்கள் அவை. அது தெரிந்தும் ஒரு குழந்தை வந்து கேட்டதும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த வரிக்குக் கீழே நீங்கள் 370 என்று எழுதினால், அவருடைய 20 சில்லறையாகத் தெரியும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைகூட, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஊரெல்லாம் நன்கொடை கேட்டுக் கட்டியதுதானே. 1954இல் அது தொடங்கியபோது இருந்தவை 12 படுக்கைகள்.

வகுப்பு ஆசிரியைக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதுங்கள். சண்டையாக வேண்டாம். ‘யார் எவ்வளவு என்று வாசிக்காமல் வகுப்புக்கு மொத்தம் இவ்வளவு என்று மட்டும் சொன்னால் நன்றாக இருக்கும் டீச்சர்’ என்று இரண்டு வரி போதும். பெரும்பாலான ஆசிரியர்கள் கேட்பார்கள். கேட்காவிட்டாலும், தாளில் இருப்பது அவள் சேர்த்ததுதான் என்ற தெம்பு அவளுக்கு இருக்கும்.

எந்த வழியாக நடக்கப் போகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் கிடையாது, காசிமேடு பக்கமோ ஞாயிறு காலையில் மீன் வாங்க வருகிற கூட்டம் நெரியும். உள்தெருக்கள் வழியாகப் போனால்தான் நல்லது. இப்போது புங்க மரமெல்லாம் புதுத் தளிர் விட்டிருக்கிறது, கொஞ்சம் நிழலும் கிடைக்கும். எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது, நடந்து முடித்ததும் குடிக்க உப்புப் போட்டு மோர் கொடுத்தனுப்புங்கள். பிறந்தநாளுக்கு வாங்கிய புதுச் செருப்பை அன்றைக்குப் போட விடாதீர்கள், கடித்துவிடும்.

அப்புறம் அந்த 1,500. அது அவளுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்கு ‘உன்னைப் பிரிய மாட்டேன்’ என்று சத்தியம் செய்துவிட்டு, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண்பார்வை போனது என்பது நம் பக்கத்துக் கதை, சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பீர்கள். காலையில் நடக்கட்டும், மத்தியானம் நன்றாகத் தூங்கட்டும், நாலரை மணிக்கு ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறுங்கள். 2021இல் விம்கோ நகர் வரை நீட்டினார்களே, அந்த ரயில் தண்டையார்பேட்டை தாண்டியதும் பூமிக்கு அடியிலிருந்து மேலே ஏறும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிற அந்த நிமிஷத்துக்காகவே பிள்ளைகளை வலது பக்கம், கடல் இருக்கிற பக்கமாக உட்கார வையுங்கள். திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் கோயில் பக்கத்தில்தான், அந்த மகிழ மரத்தையும் காட்டலாம். திரும்பி வந்து வீட்டில் கேக் வெட்டலாம், அல்லது வழியில் பிள்ளைகள் கேட்பதை வாங்கிக் கொடுங்கள். 1,500 ரூபாயில் தாராளமாக முடியும்.

பாப்பாவுக்கு என் பிறந்தநாள் வாழ்த்து. தாளில் பன்னிரண்டாவது வரி காலியாக இருந்தால் என் பெயரை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், 10 ரூபாய். இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.