முரசு வேறு, வெருட்டு வேறு

கேள்வி: பேப்பரைத் திறந்தால் 'போர் முரசு கொட்டும் நாடுகள்' என்று தலைப்பு. எல்லைக்கு நாலு கப்பலை அனுப்பினாலும் அதே வரிதான். இது எங்களுடைய சொல்லா, ஆங்கிலத்தில் இருந்து வந்ததா?
– ஏ.எல். மாணவி, கோண்டாவில்

பதில்: எங்களுடையதுதான் பிள்ளை, அதுவும் மிகப் பழையது. இரண்டு காளைகளை மோதவிட்டு, வென்ற காளையின் தோலை மயிர்கூடச் சீவாமல் போர்த்துக் கட்டிய முரசு புறநானூறு 288ஆம் பாட்டில் வருகிறது. அந்த முரசை யாரும் பயம் காட்டுவதற்காக அடிக்கவில்லை. சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டுக் காவல்மரங்களை வெட்டிக்கொண்டிருக்கிறான், வெட்டும் சத்தம் கேட்டும் உள்ளே இருக்கிற அரசன் வெளியே வராமல் சுகமாக இருக்கிறான். அப்போது புலவர் ஆலத்தூர் கிழார், இப்படிப்பட்டவனோடு நீ முரசு முழங்கப் போர் செய்தாய் என்பது வெட்கக்கேடு என்று சோழனுக்கு முகத்துக்கு நேரேயே சொல்கிறார் (புறம் 36). முரசு முழங்கினால் சண்டை, அவ்வளவுதான்.

நீங்கள் சொல்கிற செய்திகளுக்கு ஆங்கிலக்காரர் எழுதுவது வேறு: 'sabre-rattling', அதாவது உறைக்குள் இருக்கிற வாளை உருவாமல் ஆட்டிச் சத்தம் எழுப்புவது. இடுப்பில் வாளோடு திரிந்த ராணுவ அதிகாரிகளின் காலத்துப் பேச்சு அது. 1924 செப்டெம்பரில் சிலி நாட்டின் செனட் சபைக்குள் இளம் அதிகாரிகள் உண்மையாகவே அப்படிச் செய்தார்கள். ஒருவரும் வாளை உருவவில்லை, ஆனாலும் சில நாட்களுக்குள் ஜனாதிபதி அலெசாந்திரி நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. அந்தச் சம்பவத்துக்கு ஸ்பானிய மொழியில் 'வாள்களின் சத்தம்' என்றே பெயர்.

ஆக, போரைத் தொடங்குவது ஒன்று, தொடங்குவேன் என்று பயம் காட்டுவது இன்னொன்று. இரண்டுக்கும் 'போர் முரசு' என்று போடுவது பிழை என்றுதான் நான் சொல்வேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டு மழைக்குள் நடந்த சனத்துக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்கத் தேவையில்லை, அந்த இரவைக் கண்ட வீடுகளிலும்தான் இந்தத் தலைப்புகளை வாசிக்கிறார்கள்.

சரி, பயம் காட்டுவதற்குத் தமிழில் என்ன எழுதலாம்? நாங்கள் வீட்டிலே நாளாந்தம் சொல்கிற சொல் இருக்கிறதே, வெருட்டு! 'சும்மா வெருட்டுறான், நீ பயப்படாதை' என்கிறோமே, அதேதான். கொச்சை என்று நினைக்காதீர்கள். வெரு என்றால் அச்சம். திருக்குறளின் 57ஆவது அதிகாரமே 'வெருவந்த செய்யாமை', அதாவது குடிகள் அஞ்சும்படியானதை அரசன் செய்யாதிருத்தல். அப்படிச் செய்கிற கொடுங்கோலன் 'ஒருவந்தம் ஒல்லைக் கெடும்', நிச்சயமாகச் சீக்கிரம் அழிவான் என்கிறது 563ஆவது குறள். 'கப்பல்களை அனுப்பி வெருட்டுகிறது' என்று ஒரு பேப்பர் தலைப்புப் போட்டால் எங்கள் ஆச்சிமாருக்கும் உடனே விளங்கும்.