பேஸ் ஹம்பக்கரில் இரைச்சல்: வயர் நிறத்தைப் பாருங்கோ

தம்பி, உங்கட பேஸ் கிட்டாரில் டங்கன் கம்பெனியின்ர ஹம்பக்கரை (இரைச்சலை வெட்ட இரண்டு சுருள் வைச்ச, தந்திச் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்) டிமார்சியோ கம்பெனியின்ர வயர் வரைபடத்தைப் பார்த்துப் பூட்டினதாகவும், இப்ப சத்தம் குறைஞ்சு இரைச்சல் கூடினதாகவும் எழுதியிருக்கிறீங்கள். பிக்கப் பழுதில்லை. இரண்டு கம்பெனியின்ர நிற முறையும் வேற.

டிமார்சியோவில் கறுப்பும் வெள்ளையும் சேர வேணும். டங்கனில் அந்த இரண்டும் ஒரே சுருளின்ர இரு முனைகள். சேர்த்தால் அந்தச் சுருள் ஷோர்ட்டாகிச் செத்துப்போகும். மற்றச் சுருள் தனிய நிண்டால் எங்கட கரண்ட் லைனின்ர 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை ஆர் வெட்டுறது? காந்தமும் சுற்றும் எதிரெதிரா இருக்கிற இரண்டு சுருளும் வேலை செய்தால்தான் இரைச்சல் அழிஞ்சு, தந்திச் சத்தம் கூடும்.

எல்லா வயரையும் கழட்டி மீற்றரை 20 கிலோ ஓமில வையுங்கோ. கறுப்பு–வெள்ளை ஒரு சுருள், சிவப்பு–பச்சை மற்றது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேணும். பிறகு சிவப்பையும் வெள்ளையையும் சோல்டர் பண்ணி டேப் சுத்துங்கோ. இப்ப கறுப்பு–பச்சை இரண்டு சுருளின்ர கூட்டுத்தொகையைக் காட்டும். அதுக்குப் பிறகு கறுப்பு வொல்யூமுக்கு, பச்சையும் வெறுங்கம்பியும் எர்த்துக்கு.

மற்றப் பிக்கப்போட சேர்த்து வாசிக்கேக்க மட்டும் அடிச்சத்தம் மெலிஞ்சால் கறுப்பையும் பச்சையையும் இடம் மாத்துங்கோ. வெறுங்கம்பி எர்த்திலேயே நிக்கட்டும்.