பி.எல்.21 செல்லுக்குள் புரதம் எங்கே போகிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து முதுகலை நுண்ணுயிரியல் மாணவி ஒருவர் கேட்கிறார்: "மனித ஜீன் ஒன்றை இ.கோலை பாக்டீரியாவின் பி.எல்.21 ரகத்தில் வெளிப்படுத்துகிறேன். முழு நீளப் புரதம் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. இந்த ரகத்தில் புரதத்தை வெட்டும் நொதிகளான லான், ஓம்ப்-டி ஆகிய இரு புரோட்டியேஸ்களும் இல்லையே. பிறகு எது அழிக்கிறது? புரோட்டியேஸ் தடுப்பானைக் கூடுதலாகச் சேர்க்கலாமா?"

தடுப்பானுக்குப் பணம் செலவிட வேண்டாம். அது செல்லை உடைக்கும்போது சேர்க்கப்படுவது. உங்கள் இழப்போ, செல் உயிரோடிருக்கும்போதே, அதுவும் புரதத்தைக் கட்டும் ரைபோசோமிலேயே தொடங்கிவிடுகிறது என்பதே என் கணிப்பு.

மனித ஜீன்களில் ஏ.ஜி.ஏ., ஏ.ஜி.ஜி. என்னும் அர்ஜினின் கோடான்கள் (அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடுகள்) தாராளமாக வரும். இ.கோலையில் அவற்றைப் படித்து அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் டி.ஆர்.என்.ஏ. மிகக் குறைவு. ஆகவே ரைபோசோம் அங்கே காத்து நிற்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி நின்றால் பின்னால் வருபவையும் நிற்பதுபோல, அடுத்தடுத்த ரைபோசோம்களும் தேங்குகின்றன. நின்ற இடத்தில், ஜீனின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ. வெட்டுப்பட்டால், முடிவுக் கோடான் இல்லாததால், வளரும் அமினோ அமிலச் சங்கிலியை விடுவிக்கும் காரணிகளுக்கு வேலையில்லாமல் போகிறது.

இங்கேதான் டி.எம்.ஆர்.என்.ஏ. நுழைகிறது. 1996இல் கெய்லர், வாலர், சாவர் ஆகியோர் விளக்கிய இந்த மூலக்கூறு, ஒரு முனையில் அலனினைச் சுமக்கும் டி.ஆர்.என்.ஏ.வாகவும், நடுவில் சிறு தூது ஆர்.என்.ஏ.வாகவும் இயங்குகிறது. ரைபோசோமில் தூது ஆர்.என்.ஏ. இருக்கவேண்டிய பாதை காலியாக இருப்பதை, துணைப் புரதமான எஸ்.எம்.பி.பி. தன் வாலை அதற்குள் நீட்டி அறிகிறது. அலனின் சங்கிலியில் சேர்ந்ததும், ரைபோசோம் பழைய செய்தியை விட்டுவிட்டு டி.எம்.ஆர்.என்.ஏ.வைப் படிக்கத் தொடங்கி, மேலும் 10 அமினோ அமிலங்களைச் சேர்த்து, அதிலுள்ள முடிவுக் கோடானில் முறையாக விடுபடுகிறது. மொத்தம் 11 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த வாலின் கடைசிப் பகுதியைக் கிளிப்-எக்ஸ் என்னும் புரதம் அடையாளம் கண்டு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. செலவில் புரதத்தைப் பிரித்து நீட்டி, கிளிப்-பி என்னும் புரோட்டியேஸ் உருளைக்குள் தள்ளுகிறது. லான் இல்லாத பி.எல்.21இலும் இந்த ஏற்பாடு முழுமையாகவே உள்ளது. குறியிடப்பட்ட துண்டுகள் அழிந்துவிடுவதால், புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் சிறு பட்டைகள் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து ரைபோசோம் தேங்கவில்லை என முடிவுகட்ட முடியாது.

சோதிக்க நல்ல வழி, வாலின் கடைசி இரு அலனின்களுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் வரும்படி மாற்றப்பட்ட டி.எம்.ஆர்.என்.ஏ. கொண்ட ரகம். அதில் துண்டுகள் பெரும்பாலும் அழியாமல் தங்கும். புரதத்தின் முன்முனையில் ஹிஸ்டிடின் குறி (புரதத்தைப் பிரிக்கவும் கண்டறியவும் உதவும் ஹிஸ்டிடின் வரிசை) இருந்தால், எதிர்ப்பொருளால் புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் அவை தெரியும். பின்முனையில் குறி வைத்தால் முழு நீளப் புரதம் மட்டும் பிரியும், ஆனால் விளைச்சல் கூடாது.

விளைச்சல் கூட, அரிய டி.ஆர்.என்.ஏ.க்களைத் தரும் ரொசெட்டா ரகத்துக்கு மாறுங்கள். அந்த டி.ஆர்.என்.ஏ. ஜீன்களைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையத்தைத் தக்கவைக்க, குளோராம்பெனிகால் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்க்க மறக்காதீர்கள், பலர் மறக்கிறார்கள். கையில் நிதி இருந்தால், இ.கோலைக்கு ஏற்றபடி கோடான்களை மாற்றி ஜீனையே புதிதாகத் தயாரிப்பது இன்னும் உறுதியான வழி. புரதம் புரோலினில் முடிகிறதா என்றும் பாருங்கள். அங்கே விடுவிப்பு தாமதமாகி, முழு நீளப் புரதத்துக்கே அழிவுக் குறி விழக்கூடும். வெப்பநிலையைக் குறைப்பதும் ஜீனை இயக்கிவிடும் ஐ.பி.டி.ஜி.யைக் குறைப்பதும் நெரிசலை ஓரளவு தணிக்கும்; ஆனால் வழிமுறைத் தாள்கள் சொல்லும் 'அறை வெப்பநிலை' மே மாதத் தண்டையார்பேட்டை ஆய்வகத்தில் கிடைக்காது, குளிரூட்டும் ஷேக்கர் வேண்டும்.